ஐம்பத்தைந்துக்குள்

ஜூன் 16, திங்கள்

டைரியின் முதல் பக்கம் பெயர், வேலை, ஊர், இரத்த வகை எல்லாம் கேட்கிறது. கமலவேணி, உடற்கல்வி ஆசிரியை, ஒட்டன்சத்திரம், ஓ பாசிட்டிவ். உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஆறு மாதம் சும்மா கிடந்ததற்கு இன்று வேலை வந்துவிட்டது.

தலைமையாசிரியை விசாலம் கூப்பிட்டு ஒரு கையேட்டை நீட்டினார். உடலை நேசிப்பது, அளவாகவும் நலமாகவும் சாப்பிடுவது பற்றி ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாடவேளை எடுக்க வேண்டுமாம். அறிவியல் டீச்சருக்கு நேரமில்லை, தமிழ் டீச்சருக்கு முட்டிவலி, பி.டி. டீச்சர் என்றால் எப்போதும் சும்மாதானே இருப்பாள். வாங்கிக்கொண்டேன்.

பாடம் எடுக்கிறவர் தன் மனதில் பட்டதைத் தினம் எழுதிவர வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. மேலிடத்தில் யாரும் படிக்கப் போவதில்லை என்று விசாலம் டீச்சரே சொல்லிவிட்டார். அப்படியானால் உண்மையாகவே எழுதலாம்.

ஜூன் 20, வெள்ளி

முதல் வகுப்பு. அவரவர் உடம்பை அவரவரே வரைய வேண்டும். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் முப்பது பேர் தங்களை வரையவில்லை. எங்கோ விளம்பரத்தில் பார்த்த, இடுப்பே இல்லாத ஒரு பெண்ணை வரைந்து கீழே தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். மோனிஷா கொஞ்சம் பருமன். அவள் முகத்தை மட்டும் வரைந்துவிட்டு, பேப்பர் பத்தவில்லை டீச்சர் என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரித்தவர்களைத் திட்டினேன்.

சங்கவி வரைந்தது மட்டும்தான் படம். எங்கள் கபடி அணியின் ரைடர் அவள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, எதிரணியின் கோட்டைத் தொடுகிற நிலையில் தன்னை வரைந்திருந்தாள். தொடை இரண்டும் தூண் மாதிரி. ஏன் காலை இவ்வளவு பெரிசாகப் போட்டாய் என்று பின்பெஞ்சு கேட்டதற்கு, “அதுலதான் எனக்குப் பாயிண்டே வருது” என்றாள். அதைச் சுவரில் ஒட்டினேன்.

ஜூன் 25, புதன்

மாவட்ட சப் ஜூனியர் அணித் தேர்வு ஆகஸ்ட் பத்தாம் தேதி. வயது பதினாறுக்குள், எடை ஐம்பத்தைந்துக்குள். சங்கவியை அரிசிக்கடைத் தராசில் நிற்க வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டுத் தொள்ளாயிரம்.

இந்தப் பெண்ணுக்கு இது விளையாட்டு மட்டும் இல்லை. அப்பா கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். அம்மா நாகஜோதி மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிறாள். பத்தாவது முடிந்ததும் சங்கவியும் தக்காளிக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாநிலப் போட்டியில் ஒருமுறை ஆடிவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம் கேட்கலாம், படிப்பும் சாப்பாடும் இலவசம். அவளுக்கு வேறு வாசல் கிடையாது. முப்பது வருடத்தில் எனக்கும் இப்படி ஒரு பிள்ளை கிடைத்ததில்லை.

நான்கு கிலோ, ஏழு வாரம். சின்ன விஷயம்தான். பதினைந்து வயதில் இருநூறு கிராமுக்காக என்னைக் கரூர்ப் போட்டியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அதையெல்லாம் எழுத இப்போது நேரமில்லை.

ஜூன் 30, திங்கள்

மழை. மைதானம் சேறு. சங்கவியோடு உட்கார்ந்து பேசியதோடு சரி.

ஜூலை 4, வெள்ளி

இன்றைய வகுப்பு நன்றாக இருந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன். தங்களைப் பிறர் கூப்பிடும் பட்டப்பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னேன். பூசணி, ஒட்டடைக்குச்சி, தார் டின், ஒட்டகம், மாவுமூட்டை. ஒவ்வொன்றாக வாசித்துக் கிழித்தேன். முதலில் சிரித்தார்கள், பத்துச் சீட்டுக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாவுமூட்டை என்று வாசித்தபோது மோனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உடம்பு என்பது அடுத்தவர் மார்க் போடுகிற பரீட்சைத்தாள் இல்லை என்றேன். கையேட்டில் இல்லாத வரி, என் சொந்தச் சரக்கு.

சாயங்காலம் சங்கவி உரச்சாக்கின் உள்ளே வரும் பாலித்தீன் உறையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். வியர்வை குழாய்த் தண்ணீராக ஓடியது. இறங்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அம்மா தட்டு நிறையப் போடுகிறாளே, என்ன செய்வாள் என்று கவலையாக இருந்தது. எப்படியோ சமாளித்துவிட்டாள், கெட்டிக்காரி.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. நாகஜோதி பள்ளிக்கு வந்திருந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்ததால் விரலெல்லாம் தக்காளிக் கறை. மகள் திடீரென்று சாமி பக்தியாகிவிட்டாள் என்று சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் ஒரு பொழுதுதானாம். மாநிலப் போட்டி முடிகிற வரைக்கும் மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாளாம்.

“நாங்கூட இப்படி இருந்ததில்லைங்க டீச்சர். எல்லாம் உங்க பேச்சக் கேட்டு வளந்ததுனாலதானுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கோயில் பொங்கல் ஒரு தூக்கு நிறையக் கொடுத்தாள். பெற்றவர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று விசாலம் டீச்சர் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொன்னார். பொங்கலை எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. வெயில்.

ஜூலை 25, வெள்ளி

தட்டுப் பாடம். வட்டம் போட்டு பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ வரைய வேண்டும். சங்கவியின் தட்டுக்கு முதல் பரிசாகப் பேனா கொடுத்தேன். கீரைக்குத் தனியாக ஒரு கிண்ணம்கூட வரைந்திருந்தாள்.

மோனிஷா எழுந்து, “நீங்க மத்தியானம் சாப்பிடறதே இல்லையே டீச்சர், ஏன்?” என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டீச்சர் டிபன் பாக்ஸ் திறக்கிறாளா இல்லையா என்பதுதான் கவலை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஐம்பத்துநான்கு தொள்ளாயிரம். நூறு கிராம் உள்ளே. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தராசில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். எடை குறிப்பவர் “ஓகே” என்று சொன்னதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

பதினான்கு பாயிண்ட். மாவட்ட அணியில் முதல் பெயர் அவளுடையது. திரும்பும் வழியில் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று மூடிவைத்தாள். வயிறு சுருங்கியிருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி முடிந்துவிட்டது, இவள் முடிக்கவில்லை. இன்னும் இறங்கியிருக்கிறாள். இதற்கு மேல் குறைக்கத் தேவையில்லை என்றேன். மாநிலப் போட்டியில் திரும்ப எடை பார்ப்பார்களே, ஒரு சேஃப்டிக்கு இருக்கட்டும் டீச்சர் என்றாள். முன்யோசனை உள்ள பெண் என்றுதான் அப்போது நினைத்தேன். உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சொன்ன சொல்லுக்கு மேலேயே செய்கிற பிள்ளை எந்த டீச்சருக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஏழாம் பாடம். பெயர்: எச்சரிக்கை அறிகுறிகள். கையேட்டிலிருந்து சத்தமாக வாசித்தேன். சாப்பிடாமல் இருக்கச் சாக்குத் தேடுவது. எடை கூடிவிடுமோ என்று எப்போதும் பயப்படுவது. குளிர் தாங்காமல் இருப்பது. முடி கொட்டுவது. மாதவிலக்கு தள்ளிப்போவது. இப்படி யாராவது இருந்தால் தயங்காமல் டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று முடித்தேன். வாசிக்கும்போது என் கண் மோனிஷா பக்கமே போனது. அவளுக்குத்தான் இந்த உபதேசமெல்லாம் தேவை என்று ஒரு நினைப்பு.

மூன்றாம் பெஞ்சில் சங்கவி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கண்ணைக் கூசும் வெயில். லேசாகக் காய்ச்சல் டீச்சர் என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

அணித் தலைவி அபர்ணா பயிற்சி முடிந்தும் போகாமல் நின்றாள். சங்கவி மதியச் சாப்பாட்டைத் தினமும் சைக்கிள் ஷெட் நாய்க்குப் போடுகிறாளாம். இரண்டு மாதமாக அவளுக்குத் தலைக்குக் குளிக்கிற நாளே வரவில்லையாம். “பாடத்துல நீங்க வாசிச்சீங்கல்ல டீச்சர், அது மாதிரியே இருக்கா. டீச்சர்கிட்டச் சொல்லணும்னு போட்டிருந்துச்சு, அதான் சொல்றேன்.”

ஒழுங்காகப் பாடத்தைக் கவனித்திருக்கிறது அந்தப் பிள்ளை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். வீட்டுக்கு வந்து ஏழாம் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் அவள் இருக்கிறாள்.

செப்டம்பர் 8, திங்கள்

சங்கவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னேன். கெஞ்சலாகத்தான் சொன்னேன், எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் சரிங்க டீச்சர் என்றாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

“அம்பத்தஞ்சத் தாண்டிட்டா என்னய எடுப்பாங்களா டீச்சர்?”

எடுக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பேச்சை மாற்றினேன். அவள் குனிந்து தன் தொடையைக் கையால் பிடித்துக் காட்டினாள். “இந்தக் காலு மட்டும் எறங்கவே மாட்டேங்குது டீச்சர். எடை பூரா இதுலதான் இருக்கு.” அவள் பிடித்த இடத்தில் சதையே இல்லை, பாவாடைத் துணிதான் இருந்தது.

பிறகு பயிற்சி. எட்டாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி ஒற்றைக் கையால் இவள் கணுக்காலைப் பிடித்து நிறுத்திவிட்டாள். சங்கவி விழுந்து எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். மாநிலப் போட்டிக்கு இன்னும் பத்தொன்பது நாள். அதுவரைக்கும் தாங்கிவிட்டால் அப்புறம் நானே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவேன்.

மேலே உள்ள வரியைத் திரும்பப் படித்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

வகுப்பில் உணவுத் திருவிழா. வீட்டிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு பண்டம். கம்பங்கூழ், கொள்ளுச் சுண்டல், கீரை வடை, எள்ளுருண்டை. விசாலம் டீச்சர் போட்டோ எடுக்க ஆள் ஏற்பாடு செய்திருந்தார். பரிமாறும் பொறுப்பை சங்கவி தானாகவே எடுத்துக்கொண்டாள். மோனிஷாவுக்கு இரண்டு வடை வைத்துவிட்டு, கூச்சப்படாமச் சாப்பிடு, உடம்புக்கு நல்லது என்று சொன்னதை என் காதால் கேட்டேன். முப்பத்தேழு தட்டும் நிறைந்த பிறகு கரண்டியோடு அப்படியே சரிந்தாள்.

நான்தான் தூக்கினேன். தூக்கினபோது எடையே தெரியவில்லை. ஆட்டோவில் உள்ளூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் திண்டுக்கல். நாடி மிகவும் மெதுவாக அடிக்கிறது, இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்றார்கள். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் கேட்டார்.

“விரதமுங்க. ஆத்தாளுக்கு நேந்திருக்கா” என்றாள் நாகஜோதி.

அந்த மனிதர் வார்டே கேட்கும்படி அவளைத் திட்டினார். படிக்கிற பிள்ளையைப் பட்டினி போட்டுச் சாமி கும்பிடுகிறீர்களே, உங்களுக்கெல்லாம் எதற்குப் பிள்ளை என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க சரிங்க என்று நின்றாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 13, சனி

விசாலம் டீச்சர் போனில் பேசினார். நம் மேல் எதுவும் வராது, வீட்டில்தானே விரதம் இருந்திருக்கிறது, நாம் சாப்பிடத்தான் சொல்லிக்கொடுத்தோம் என்றார். வகுப்புப் போட்டோக்கள் சாட்சியாக இருக்குமாம். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

நேற்று டிஸ்சார்ஜ். விரதத்தை விடச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் தேறிவிடுவாள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாவட்ட அணியிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை.

இன்று புரட்டாசி ஒன்று. பக்கத்து வீட்டில் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றுகிறார்கள். விரதம் என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

சங்கவி வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்தில் டம்ளரில் கஞ்சி ஆடை கட்டிப்போய் இருந்தது. அம்மா அந்தண்டை போனதும் அதை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாகஜோதியைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. மகள் பாதியில் விட்ட நேர்த்திக்கடனை இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மாநிலப் போட்டி நாள் வரைக்கும், தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் பால் மட்டும். அதோடு தக்காளிக் கூடையும் தூக்குகிறாள். “நேந்தத முடிக்காம ஆஸ்பத்திரியில வச்சுச் சோறு ஊட்டுனோமுங்க, ஆத்தா கோவிச்சுக்கிட்டா. அதான் புள்ளைக்கு இன்னமும் ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. மீதி நாள நான் இருந்து கழிச்சுட்டா விட்டுருவா.”

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள். ஆள் இருக்கும்போது எப்படிச் சொல்வது. அவள் ஐந்து நிமிடத்தில் போய்விட்டாள் என்பதும் உண்மைதான். நான் அதற்கப்புறம் அரைமணி நேரம் தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

காலையில் சங்கவிக்கு மறுபடி மயக்கம். மறுபடி திண்டுக்கல். இந்த முறை வேறு டாக்டர், சின்ன வயதுப் பெண். சங்கவியிடம் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்து, பி.டி. டீச்சர் யார் என்று கேட்டார். சாமிக்கு விரதம் இருக்கிற பிள்ளை எதற்காக வந்ததிலிருந்து மூன்று தடவை எடை பார்க்கக் கேட்கிறது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்றார்.

ஜூன் முப்பதாம் தேதியில் மழை என்று எழுதி வைத்திருக்கிறேன். மழை பெய்ததும் நிஜம். அன்று சங்கவி, வீட்டில் அம்மா விடாமல் ஊட்டுகிறாள், நான் எப்படி டீச்சர் குறைப்பது என்று அழுதாள். நான் சொன்னேன்: “சாமிக்குன்னு சொல்லு. எந்த அம்மாவும் சாமிகிட்டச் சண்டைக்குப் போக மாட்டா.” இதுதான் நான் சொன்னது, ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. எந்தக் கிழமை, எந்த அம்மன் என்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

எனக்கு அது எப்படித் தோன்றியது என்றும் எழுதிவிடுகிறேன். கரூரில் நானூறு கிராம் கூடுதல் என்றபோது என் கோச் சலூனுக்குக் கூட்டிப்போய் என் தலையை மொட்டையடிக்க வைத்தார். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. அப்படியும் இருநூறு கிராம் கூடுதலாக நின்றது. வீட்டில் கேட்டால் பழனிக்கு நேர்ந்துகொண்டேன் என்று சொல்லிவிடு என்றார். சொன்னேன். அம்மா என் மொட்டைத் தலையைத் தடவி, முருகா என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அன்றைக்கே நினைத்தேன். அந்தப் பொய் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பது எனக்கு அப்போதிருந்தே தெரியும். அது எவ்வளவு தனிமையாக இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். இது பட்டினி மட்டும் இல்லை, மனதைப் பிடித்திருக்கிற நோய், மனநல டாக்டரும் சேர்ந்து மாதக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார். பிழைத்துவிடுவாளா என்று கேட்டேன். “மொதல் தடவை வந்தப்பவே சொல்லியிருந்தீங்கன்னா பன்னண்டு நாள் மிச்சமாயிருக்கும்” என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும், நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்றார். நானே சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

நாகஜோதி வார்டு வாசலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நாகஜோதி, சங்கவி சாமிக்கு இருக்கல. எடைக்கு இருந்தா. விரதம்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னது நான்.”

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். உரச்சாக்கு, தராசு, அன்றைக்கு அவள் கையெடுத்துக் கும்பிட்டபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, டாக்டர் திட்டியபோது பின்னால் நின்றது. என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அப்ப ஆத்தா கோவிக்கலீங்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

“நான் பதினோரு நாளா இருக்கறது?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்தாள். தாங்கப் போன என் கையைத் தள்ளிவிட்டாள். “உள்ள வாங்க. எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. உங்க பேச்சுத்தான் அவளுக்கு வேதவாக்கு, நீங்களே அவகிட்டச் சொல்லுங்க.”

சங்கவியைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கையில் டிரிப்ஸ். எதிரே ஆஸ்பத்திரித் தட்டில் இரண்டு இட்லி, சாம்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். போட்டி ஒன்றும் பெரிசில்லை. ஐம்பத்தைந்து என்று நான் சொன்னது தப்பு. சாமி பெயரைச் சொல்லச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. நீ சாப்பிட வேண்டும். ஆட்டத்துக்கு நடுவே யோசனை சொன்னால் எப்படிக் கேட்பாளோ அப்படி என் வாயையே பார்த்துக் கேட்டாள். முடித்ததும் தலையாட்டினாள்.

“சரிங்க டீச்சர். எத்தன கிலோ வரைக்கும்?”

என் நாக்கு நுனியில் ஒரு எண் வந்து நின்றது. சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பாள். அந்த எண் வரைக்கும் கிராம் கிராமாகக் கணக்குப் பண்ணி, எனக்காகச் சாப்பிட்டிருப்பாள். அதை விழுங்கினேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

நாகஜோதி மகளின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“டீச்சரப் பாக்காத கண்ணு. என்னையப் பாரு. உனக்குப் பசிக்குதா?”

சங்கவி யோசித்தாள். புருவத்தைச் சுருக்கி, மறந்துபோன பாடத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறவள் போல வெகுநேரம் யோசித்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

“தெரியலம்மா.”

நாகஜோதி தட்டைத் தன் மடிக்கு இழுத்தாள். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டு முதல் வாயைத் தானே போட்டுக்கொண்டாள். பதினோரு நாளுக்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது, கண்ணில் நீர் முட்டியது. மென்று விழுங்கிவிட்டு மகளைப் பார்த்து, எனக்குப் பசிக்குது சாமி, பயங்கரமாப் பசிக்குது என்றாள். அடுத்த துண்டைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டாள். ஊட்டவில்லை. மகள் பார்க்கும்படி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் எழுந்து வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.